எந்த மாதத்து வறட்சி? டென்வர் பாறைத் தோட்டத்தில் ஒரு சின்ன மணிப்பூச் செடி

2021 மே மாதம் பன்னிரண்டு செடி நட்டேன். ஆகஸ்ட் முடியும்போது மூன்றுதான் மிச்சம். செத்த ஒன்பதும் 'வறட்சி தாங்கும்' என்று அட்டை செருகி வந்தவை. அந்த அட்டைகளில் ஒன்றைச் சமையலறை இழுப்பறையில் வெகுநாள் வைத்திருந்தேன். அதில் எழுதியிருந்தது பொய் இல்லை. எந்த மாதத்து வறட்சி என்று நான்தான் கேட்கவில்லை. அதைக் கேட்கவே எனக்கு ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் ஆனது.

செடியின் பெயர் காம்பனுலா கர்கானிகா. காம்பனுலா என்றால் லத்தீனில் சின்ன மணி. இந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. நீலகிரிப் பக்கம் பாறையோரங்களில் காம்பனுலா அல்போன்சி என்று ஒன்று இருக்கிறது. நான் வாங்கியது இத்தாலிக்காரி. இத்தாலியின் வரைபடத்தைக் காலணி என்று வைத்துக்கொண்டால், குதிகாலுக்கு மேலே முள் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மலைப்பகுதிதான் கர்கானோ. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை மேலே நிற்காமல் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். அந்த வெடிப்புகளில் வேரை விட்டுக்கொண்டு, பாறையோடு ஒட்டி வளரும் செடி இது. நேப்பிள்ஸ் தாவரத் தோட்டத்தின் முதல் இயக்குநரான மிகேலே தெனோரே இதற்கு இந்தப் பெயரை வைத்தார். உயரம் ஒரு சாண்கூட வராது. பூ மணி வடிவத்திலும் இருக்காது. ஐந்து இதழும் விரிந்து, நடுவில் வெள்ளையோடு நீல நட்சத்திரமாகக் கிடக்கும். மணிப்பூ என்று சொல்லிக் காட்டினால் பார்ப்பவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

சரி, இடத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரின் மேற்குப் புறநகரில் எங்கள் வீடு, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே. வருஷத்துக்கு 370 மில்லிமீட்டர் அளவில் மழையும் பனியும் சேர்ந்து விழும். நாங்கள் குடிவந்தது 2020 செப்டம்பரில். 5ஆம் தேதி சாமான் இறக்கும்போது 101 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸைத் தாண்டிய வெயில். 8ஆம் தேதி காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் பனி பெய்துகொண்டிருக்கிறது. இந்த ஊர் செடிகளை எப்படி நடத்தும் என்பதற்கு அந்த நாலு நாளே போதும்.

தண்ணீரை மிச்சப்படுத்தும் தோட்டக்கலைக்கு 'ஸெரிஸ்கேப்' என்று பெயர் சூட்டியதே டென்வர் குடிநீர் வாரியம்தான், 1981இல். கோடையில் வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது, காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை தெளிப்பானைத் திறக்கக்கூடாது என்றெல்லாம் விதி உண்டு. வாசல் பக்கச் சரிவில் புல்தரையைப் பிடுங்கிவிட்டுப் பாறைத் தோட்டம் போடலாம் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. டென்வர் பொட்டானிக் கார்டன்ஸில் ஒரு பெரிய மலைத்தாவரப் பாறைத் தோட்டம் இருக்கிறது. 1980இல் அதன் முதல் பொறுப்பாளராக வந்த பனயோட்டி கெலைடிஸின் கை பட்ட இடம். அதை இரண்டு தடவை சுற்றிவந்த தைரியத்தில் கடப்பாரையை எடுத்தேன்.

தோட்டப் படுக்கை கட்டியது

செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் பரப்பிய இடுக்குத் தோட்ட முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். தட்டைக் கற்களைப் படுக்க வைக்காமல், புத்தகங்களை அலமாரியில் அடுக்குவதுபோல் நிற்க வைத்து, முக்கால்வாசியை மண்ணுக்குள் புதைப்பது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் இடைவெளி. அந்த இடுக்கில் மணலும் பொடிக்கல்லும் நிரப்பி, அதில் செடி. மூன்று மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலம். கல் இங்கே பக்கத்து மலையடிவார ஊரான லையன்ஸில் வெட்டுகிற சிவப்பு மணற்கல். இடுக்கில் போட, கல் மண்டியில் 'ஸ்குவீஜி' என்று கேட்டால் கொடுப்பார்கள்: கழுவிய பொடிக்கல், மிளகிலிருந்து கொண்டைக்கடலை வரைக்கும் கலந்து இருக்கும். அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு மணல், ஒரு கைப்பிடி தோட்டத்துக் களிமண். உரம் கிடையாது, கம்போஸ்ட் கிடையாது.

இந்த ஏற்பாடு செடிக்கு ஏன் சௌகரியம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். மேற்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கல். கல்லில் விழும் மழை வழிந்து இடுக்குக்குள்தான் போக வேண்டும். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் இடுக்குக்குக் கிட்டத்தட்ட முப்பது மில்லிமீட்டர் கிடைக்கும். உள்ளே போன ஈரம் சீக்கிரம் வெளியே வராது. மேலே இருக்கும் பொடிக்கல் துகள்கள் பெரியவை, நடுவில் காற்றிடைவெளி, ஈரம் மேலேறி வரப் பாதை அறுந்துவிடும். ஜூலையில் மேலே கை வைக்க முடியாதபடி சுடும் கல்லைச் சற்று நெம்பிப் பார்த்தால் இருபது சென்டிமீட்டர் கீழே சில்லென்று ஈரம் இருக்கும். 'வறண்ட பாறைத் தோட்டம்' என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத்தான். அடியில் ஈரம் இருக்கிறது, வேர் அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.

இதில் ஒரு தப்பு செய்தேன். சரிவின் மேல் பகுதியில் படுக்கை தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பி நின்றது. கீழ்ப் பகுதியில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று களிமண்ணைத் தோண்டிக் குழியாக்கி, அதற்குள் பொடிக்கல்லைக் கொட்டினேன். இந்த ஊர்க் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும், தண்ணீரை எந்த நிலையிலும் சட்டென்று இறங்க விடாது. அதில் குழி தோண்டிக் கல்லை நிரப்பினால் அதற்குத் தொட்டி என்று பெயர். இந்தத் தப்பு இரண்டு வருஷம் சும்மா படுத்துக் கிடந்தது.

முதல் கோடை

மே நடுவில், இரவுப் பனி பயம் போன பிறகு நட்டேன். பக்கத்து நர்சரியில் வாங்கிய செடிகள், ஒன்பது சென்டிமீட்டர் தொட்டியில், மொட்டு வைத்து, கொழுகொழுவென்று. தொட்டியைத் தட்டி, வேர்க்கட்டியை அப்படியே எடுத்து, இடுக்கில் இறக்கி, சுற்றிலும் பொடிக்கல் தள்ளி, ஒரு பூவாளித் தண்ணீர். ஜூன் மாதம் பூத்துத் தள்ளியது. ஜூலையில் ஒவ்வொன்றாக இலை சாம்பல் நிறமானது.

அப்போது அம்மா நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்டி, செடி தாகத்துல செத்துக்கிட்டு இருக்கு, நீ கல்லைக் காவல் காத்துக்கிட்டு இருக்க?"

"அது வறட்சி தாங்குற செடிம்மா. தண்ணி ஊத்துனா அழுகிடும்."

"தாங்கும்னா, குடிக்கவே குடிக்காதா?"

மறுநாளிலிருந்து மாலை ஆறு மணிக்கு ஒரு பூவாளி, தவறாமல். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் கீழ் வரிசையிலும் நடு வரிசையிலும் நாலு செடி அடித்தண்டு கருத்து, தொட்டால் கையோடு வந்தது. மேல் வரிசையில் ஐந்து ஏற்கெனவே காய்ந்து சருகாகிவிட்டிருந்தது. ஐந்து தாகத்தில், நாலு வெள்ளத்தில். ஒரே படுக்கையில், ஒரே கோடையில். அம்மா கட்சியும் தோற்றது, என் கட்சியும் தோற்றது.

செத்ததைத் தோண்டிப் பார்க்காமல் குப்பையில் போடுவதுதான் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் இருந்ததால் ஒன்பதையும் தோண்டினேன். காய்ந்ததும் அழுகியதும் வெளியே ஒரே வடிவத்தில் வந்தன. டப்பாவில் வார்த்து எடுத்த அல்வா மாதிரி, தொட்டியின் உருவம் மாறாமல், அடியில் இருந்த துளைகளின் தடம்கூட அழியாமல். மூன்று மாதத்தில் ஒரு வேர்கூட அந்தக் கட்டியை விட்டு வெளியே போகவில்லை.

நர்சரிக்காரர்கள் செடியை வளர்ப்பது பீட் கலவையில். நம் ஊர்க் கோகோபீட் மாதிரி கறுப்பாக, பஞ்சாக இருக்கும், ஆனால் சதுப்பு நிலப் பாசி மட்கிக் கிடைப்பது. நுண்ணிய பொருள், தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். அதைக் கொண்டுபோய்ப் பெருமணலுக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்தால் இரண்டும் பேசிக்கொள்வதில்லை. தினம் ஊற்றினால் கட்டி சொதசொதவென்று நனைந்தே இருக்கும், அடித்தண்டு அழுகும். ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பீட் தண்ணீரை ஏற்க மறுக்கும். ஊற்றுகிற நீர் பக்கத்துக் கல் வழியாக நழுவிக் கீழே போய்விடும். காய்ந்த கட்டி ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், கால் மணி நேரம் கார்க் மாதிரி மிதந்தது. அரை முழம் கீழே ஈரம் இருந்தும், அதைத் தொட வேர் வெளியே வரவேயில்லை. வறட்சி தாங்கும் செடி என்று நான் தொட்டியைத்தான் நட்டு வைத்திருக்கிறேன்.

பிழைத்த மூன்றும் பெரிய கல்லின் கிழக்கு ஓரத்தில் இருந்தவை. மதிய வெயில் அவற்றின் மேல் விழாது. நடும்போது கைதவறிக் கட்டி உடைந்துபோன செடியும் அதில் ஒன்று என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வேரைக் கழுவுதல்

பாறைத் தோட்டக்காரர்களிடம் இது பழைய சங்கதி. செடியை நடுமுன் வேரை முழுக்கக் கழுவிவிடுவார்கள். எனக்கு அது கொலை மாதிரி தோன்றியது. 2021 செப்டம்பர் நடுவில், வெயில் தணிந்த பிறகு, பத்துப் புதுச் செடி வாங்கி வந்து செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு மணி நேரம் வாளியில் ஊற வைக்க வேண்டும். பிறகு கட்டியின் அடியிலிருந்து விரலால் தளர்த்திக்கொண்டே இன்னொரு வாளித் தண்ணீரில் அலச வேண்டும். அரிசி களைவது மாதிரி மெதுவாக. குழாயைத் திறந்து பீய்ச்சினால் நுனி வேர் அறுந்துவிடும். கறுப்புத் தண்ணீர் போகப் போக, வெள்ளை நூல் கொத்து ஒன்று வெளியே வரும். ஒடிந்த இடத்தில் பால் கசியும். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குப் பால் உண்டு. பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிட வேண்டும், இலையில் பாதியையும். ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு இடுக்கைத் திறக்க வேண்டும். வேரை மடங்காமல் கீழ்நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கரண்டி மணல், ஒரு கரண்டி தண்ணீர், மறுபடி மணல் என்று மாற்றி மாற்றி விட்டால் மணல் தானாக வேருக்கு நடுவே இறங்கி உட்காரும். கடைசியில் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குப் பொடிக்கல்; தண்டின் அடிப்பாகம் ஈரத்தில் நிற்காமல் இருப்பதற்கு. பிறகு இரண்டு வாரம், நாள் விட்டு நாள் தண்ணீர், மேலே ஒரு நிழல் துணி. அந்த இரண்டு வாரத்தில் வறட்சி என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

பத்தும் பிடித்தது. அக்டோபரில் ஒன்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக் குழாயை மூடிச் சுருட்டிக் கொட்டகையில் போட்டேன். இங்கே அக்டோபரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். விட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும்.

பனி வராத குளிர்காலம்

அந்த வருஷம் டென்வரில் முதல் பனி விழுந்தது டிசம்பர் 10ஆம் தேதி. பதிவுகள் தொடங்கிய நாளிலிருந்து முதல் பனி அவ்வளவு தாமதமாக வந்ததில்லை. டிசம்பர் 30ஆம் தேதி பக்கத்துப் போல்டர் மாவட்டத்தில் காய்ந்த புல்லில் பிடித்த தீ, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. வடக்கு வானத்தில் புகையை எங்கள் தெருவிலிருந்தே பார்த்தோம். ஊரே காய்ந்து கிடக்கிறது என்று அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தபோது, என் படுக்கையைப் பற்றி எனக்குத் தோன்றவேயில்லை. குளிர்காலத்தில் செடி தூங்குகிறது, அதற்கு எதற்குத் தண்ணீர்?

மார்ச் மாதம் பத்தில் ஐந்து தளிர்க்கவில்லை. பழைய மூன்றும் தளிர்த்தன. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது வருஷமாகத் தோட்டம் போடும் பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஜனவரியில் தண்ணீர் விட்டீர்களா?"

அன்று இரவுதான் இரண்டு ஊர்களின் நாட்காட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கர்கானோவில் மழைக்காலம் இலையுதிர் பருவத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நீளும். வறட்சி ஜூன், ஜூலை, ஆகஸ்டில். அந்த மூன்று மாதத்தைத்தான் இந்தச் செடி தாங்கும். அதுவும் எட்டு மாதம் பாறைக்குள் குடித்துச் சேர்த்து வைத்துவிட்டு. டென்வரில் இது தலைகீழ். மழை ஏப்ரல், மே மாதங்களில் கூடுதல், ஜூலை, ஆகஸ்டில் மாலை இடிமழை. ஜனவரியில் மொத்தமாகவே பத்து மில்லிமீட்டர் அளவுதான் விழும், அதற்கு மேல் காய்ந்த மலைக்காற்றும் உச்சி வெயிலும். கர்கானிகா குளிரில் முழுசாகப் படுத்துவிடுகிற செடி இல்லை. பனிக்கடியில் கொஞ்சம் இலை பச்சையாகவே இருக்கும். நல்ல வெயிலடிக்கிற ஜனவரி மத்தியானத்தில் அந்த இலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கீழே குடிக்க எதுவும் இல்லை. அட்டையில் எழுதியிருந்த வறட்சி வேறு மாதத்து வறட்சி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செடி பக்கத்திலேயே இருந்தது. காம்பனுலா ரொட்டுண்டிஃபோலியா என்னும் ஒல்லித் தண்டு மணிப்பூ, ஸ்காட்லாந்தின் மேய்ச்சல் நிலங்களிலும் இருக்கிறது, எங்கள் ராக்கி மலைச் சரிவுகளிலும் தானாக வளர்கிறது. (தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயருக்கு 'வட்ட இலை' என்று பொருள், பூக்கும் நேரத்தில் பார்த்தால் எல்லா இலையும் புல் மாதிரி நீளமாக இருக்கும். வட்ட இலைகள் அடியில் வந்து, பூப்பதற்குள் பெரும்பாலும் காய்ந்துபோகும்.) அதை இரண்டு செடி வைத்திருந்தேன். அதே குளிர்காலம், அதே படுக்கை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இரண்டும் ஏப்ரலில் எதுவும் நடக்காதது மாதிரி முளைத்து வந்தன. சொந்த ஊர்க்காரருக்கு ஜனவரி புதிதில்லை.

2022 வசந்தத்தில் பிழைத்த எட்டிலிருந்து அடித்தளிர்க் குச்சிகள் எடுத்து மணலில் ஊன்றினேன். எட்டு ஊன்றி ஆறு வேர் பிடித்தது. மணலிலேயே வளர்ந்ததால் கழுவும் வேலையும் இல்லை. செப்டம்பரில் ஆறையும் படுக்கையில் வைத்து, மொத்தம் பதினான்கு. அந்தக் குளிர்காலத்திலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு முறை தண்ணீர். நாலு வாரம் பனி நிலத்தில் கிடந்தால் அந்த மாதம் வேண்டாம். மற்றபடி பகலில் நாலு டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளாகப் பார்த்து, மண் உறையாமல் இருக்கும்போது, மதியத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும். இரவுக்குள் உள்ளே இறங்க நேரம் வேண்டும். குழாய் சுருட்டிக் கிடப்பதால் சமையலறையிலிருந்து பூவாளிதான். ஒன்பது லிட்டர் பூவாளி ஆறு நடை, படுக்கை முழுக்கச் சமமாகப் போட்டால் பத்து மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைப் பார்த்து நடைப்பயிற்சி போகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது பழகிவிட்டது.

குளிரும் மழையும்

2022 டிசம்பர் 21ஆம் தேதி டென்வரில் ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை 37 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கியது. மறுநாள் காலை மைனஸ் 24 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 31 செல்சியஸ். மத்தியதரைக் கடலோரத்துச் செடி, இத்தோடு கதை முடிந்தது என்று எழுதியே வைத்துவிட்டேன். மேலே கொஞ்சம் பனி விழுந்திருந்தது, இடுக்குக்குள் டிசம்பர் தொடக்கத்தில் விட்ட ஈரம் இருந்தது. ஏப்ரலில் எண்ணினேன், பதினான்கும் இருந்தது. முந்தைய வருஷம் மிதமான குளிரில் பாதி போனது. இந்த வருஷம் உடம்பை வெட்டும் குளிரில் ஒன்றுகூடப் போகவில்லை.

அந்த மே, ஜூன் பூப்பை மட்டும் சொல்ல வேண்டும். கல் தெரியவில்லை. ஒரு நாள் காலை பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மொட்டுக்குள்ளேயே மகரந்தப் பைகள் வெடித்து, நடுவில் நிற்கும் சூல்தண்டின் மேல் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. தண்டில் அதைப் பிடித்து வைக்கப் பொடி மயிர்கள். பூ விரிந்த முதல் நாள் பார்த்தால், பெண் பாகம் ஆண் பாகத்தின் பொடியைச் சுமந்துகொண்டு நிற்கும். அதன் நுனி இன்னும் மூடித்தான் இருக்கும். தேனீ வந்து உரசி எடுத்துப் போகப் போக, அந்த மயிர்கள் உள்ளே மடங்கிச் சுருங்கும். ஒன்றிரண்டு நாளில் நுனி மூன்றாகப் பிளந்து விரியும். அப்போதுதான் அது வேறு பூவின் மகரந்தத்துக்குத் தயார். யாரும் வராவிட்டால் மூன்று கிளையும் பின்னால் சுருண்டு சுருண்டு, தன் தண்டில் மிச்சம் ஒட்டியிருப்பதைத் தானே தொட்டுக்கொள்ளும். வேலைக்கு இருபது நிமிஷம் தாமதமாகத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு மழை விடவில்லை. 2023 ஜூன், டென்வரின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த ஜூன்; 150 மில்லிமீட்டருக்கு மேல், சாதாரணமாக நாலைந்து மாதத்தில் விழுவது. ஆலங்கட்டி வேறு. 21ஆம் தேதி இரவு ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் இசை கேட்கப் போனவர்கள் ஆலங்கட்டியில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என் செடிகள் தரையோடு தரையாக இருந்ததால் ஆலங்கட்டிக்குத் தப்பின, ஓடில்லா நத்தைகளுக்குத் தப்பவில்லை. இந்தக் காய்ந்த ஊரில் அவை எங்கே ஒளிந்திருந்தனவோ, இரவில் டார்ச் அடித்தால் கல்லுக்குக் கல் ஊர்ந்துகொண்டிருந்தன. மணிப்பூ என்றால் அவற்றுக்கு விருந்து. தினம் இரவு கையால் பொறுக்கினேன். வேறு உபாயம் எதுவும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யவில்லை.

கீழ் வரிசையில் நாலு செடி மஞ்சளடித்தது. ஒரு கல்லை நெம்பியதும் இரண்டு வருஷமாகப் படுத்துக் கிடந்த தப்பு முழித்துக்கொண்டது. களிமண் குழியில் தண்ணீர் நின்றது, பொடிக்கல் அதில் ஊறிக்கொண்டிருந்தது. நாலும் போயின. மழை விட்டதும் கீழ்ப் பக்கக் களிமண் வரப்பை வெட்டி, சரிவுக்கு ஒரு சாண் அகலத்தில் வடிகால் திறந்து, அந்த வரிசைக் கற்களைப் பிடுங்கித் தரைக்கு மேலே தூக்கி வைத்தேன். முதல் நாளே செய்திருந்தால் அரை நாள் வேலை. இப்போது மூன்று சனிக்கிழமை.

சில்லறைச் சங்கதிகள்

முயல். வசந்தத்தில் முதல் தளிரைத் தரையோடு கத்தரித்துவிடும். செடி சாகாது, பூ போய்விடும். கோழிவலையைக் கிண்ணம் மாதிரி வளைத்து மே முதல் வாரம் வரை கவிழ்த்து வைக்கிறேன்.

விதை. தூசி மாதிரி இருக்கும், மண்ணால் மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மணலோடு கலந்து, ஜூஸ் குடிக்கும் குழலில் எடுத்து இடுக்குக்குள் ஊதிவிடலாம். காற்றில்லாத நாளாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில்தான் விதைப்போம்.

விதையென்றதும் ஒரு எச்சரிக்கை. 'காட்டுப்பூக் கலவை' என்று விற்கும் பொட்டலங்களில் காம்பனுலா ரப்புன்குலாய்டிஸ் என்ற படரும் மணிப்பூ கலந்து வருவதுண்டு. ஊதா மணிகள் ஒரே பக்கமாகத் தொங்கும் நெட்டைத் தண்டு, பார்க்க அழகு. கீழே கிழங்கு மாதிரி வெள்ளை வேர், ஒடிந்த துண்டிலிருந்தெல்லாம் மறுபடி வரும். 2022இல் படுக்கையின் ஓரத்தில் இதய வடிவ இலையோடு ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் வேலியைத் தாண்டி வராத குறை. ஒரு முழம் ஆழம் தோண்டி எடுத்தேன், இரண்டு கல்லை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

வெயில். டென்வர் உயரத்தில் தெற்கு நோக்கிய இடுக்கு இந்தச் செடிக்கு அதிகம். கிழக்கு முகம் சிறப்பு, வடக்கு முகமும் சரி. தெற்கு முகத்தில் ரொட்டுண்டிஃபோலியாவை வைத்துவிட்டேன், அது கேள்வி கேட்பதில்லை.

இப்போதைய நிலை

2024இல் பத்துச் செடியும் குளிர்காலத்தைத் தாண்டின. ஜூலை, ஆகஸ்டில் நான் தண்ணீர் விட்டது இரண்டே முறை, அதுவும் மூன்று வாரம் மழையே இல்லாதபோது. வேர் பிடித்த செடிக்குக் கோடை ஒரு பொருட்டே இல்லை. அட்டை சொன்னது அந்த அளவில் சரிதான். தண்ணீர்ச் செலவில் பெரும்பகுதி நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போகிறது.

செப்டம்பரில் எதிர் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் பார்த்து ஆசைப்பட்டு, இரண்டு செடி வேண்டுமென்றார். தொட்டியில் கொடுக்க மாட்டேன், வேரைக் கழுவி ஈரக் காகிதத்தில் சுற்றித்தான் தருவேன், அன்றைக்கே நட வேண்டும் என்றேன். தலையாட்டினார். ஜனவரியில் ஒரு நாள் பூவாளி எடுக்க வேண்டும் என்றேன்.

"வறட்சி தாங்கும் செடி என்றுதானே சொன்னீர்கள்?"

உள்ளே போய் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து வந்து, அதன் பின்பக்கத்தில் 'நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்' என்று பேனாவால் எழுதி, செடியோடு சேர்த்துக் கொடுத்தேன்.